டிப்ளமோ வாசலை அடைக்க வேண்டாம்

பிளஸ் டூ முடிவு வந்ததும் சந்தவாசல், படவேடு, கண்ணமங்கலம் பக்கத்து வீடுகளில் எழும் கேள்விதான். நர்சிங் என்றால் டிப்ளமோவா, பி.எஸ்சி.யா?

டிப்ளமோ மூன்றாண்டு, பட்டம் நான்காண்டு. எதைப் படித்தாலும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு செவிலியர் குழுமத்தில் ஒரே பதிவுதான். வார்டில் செய்வதும் ஒரே வேலைதான். ஆனால் பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். டிப்ளமோவுக்கு அறிவியல் பிரிவு விரும்பத்தக்கது என்றாலும், மற்றப் பிரிவில் படித்தவர்களுக்கும் இந்திய நர்சிங் கவுன்சில் இடம் தருகிறது. ஆரணிப் பட்டு நெய்யும் வீட்டுப் பெண், பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு கிடைத்ததோ அதில் சேர்ந்தவள், நர்ஸாவதற்கு இந்த ஒரு வழிதான் இருக்கிறது. நான்காவது ஆண்டுச் செலவும் அந்த வீட்டுக்குச் சிறியதல்ல.

பட்டம் வீண் என்று நாம் சொல்லவில்லை. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு 2014இல் 'லான்செட்' இதழில் வந்தது. பட்டம் பெற்ற நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடினால் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது என்றது. டிப்ளமோவை நிறுத்தச் சொல்பவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினாலும் அந்த வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது கவுன்சிலின் கணக்கு. இரவு ஷிப்டில் நம் ஊர் வார்டுக்குள் போய்வந்தவர்களுக்கு அந்தக் கணக்கு எங்கே நிற்கிறது என்று தெரியும். டிப்ளமோவை நிறுத்தினால் ஆள் இன்னும் குறையும்.

சந்தவாசலிலிருந்து பஸ் ஏறினால் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் நர்சிங் பள்ளி தொடங்கியது 1909இல். நாட்டின் முதல் நர்சிங் பட்டப்படிப்புகளில் ஒன்று 1946இல் அதே சி.எம்.சி.யில் பிறந்தது. பட்டம் வந்ததற்காக டிப்ளமோவை அவர்கள் மூடிவிடவில்லை.

டிப்ளமோ முடித்தவர் பட்டதாரியாக 'போஸ்ட் பேசிக்' என்ற இரண்டாண்டுப் படிப்பு இருக்கிறது. அது இல்லாமல் எம்.எஸ்சி. இல்லை, ஆசிரியர் பணிக்கும் வழியில்லை. ஆனால் தனியார் மருத்துவமனைச் சம்பளத்தில் குடும்பத்தைத் தாங்குகிறவள் இரண்டாண்டு வேலையை விட்டுவிட்டு எப்படிப் படிப்பாள்? இங்கேதான் அரசு கைகொடுக்க வேண்டும். அரசுக் கல்லூரிகளில் இந்தப் படிப்புக்கு இடங்களைக் கூட்டட்டும். படிக்கும் காலத்துக்கு உதவித்தொகை கொடுக்கட்டும். வார்டில் உழைத்த ஆண்டுகளைச் சேர்க்கையில் கணக்கில் எடுக்கட்டும்.

1947ஆம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. அதன்கீழ் படிப்புகளுக்கு விதி எழுதுகிறவர்கள், டிப்ளமோவை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் முன் இந்த இரண்டாண்டுப் படிப்புக்கு வழி செய்ய வேண்டும்.