காரை மேட்டில் மோட்டார் சைக்கிள் பந்தயமா? வேண்டவே வேண்டாம்!

பெரம்பலூர்–அரியலூர் பக்கம் டீக்கடை பெஞ்சில் இரண்டு வாலிபர்கள் உட்கார்ந்தால் போதும். பேச்சு மோட்டார் சைக்கிளில்தான் போய் நிற்கும். “கோயம்புத்தூர்ல நடக்குது, பெங்களூர்ல நடக்குது, நம்ம ஊருக்கு மட்டும் மண் ரேஸ் வராதா அண்ணே?”

நியாயமான கேள்விதான். ஆனால் எந்த ரேஸ் என்று கேட்டால் பையன்கள் முழிக்கிறார்கள். அங்கேதான் இருக்கிறது சங்கதி.

தேசிய அளவில் மோட்டார் பந்தயங்களைக் கட்டி ஆளுவது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மோட்டார் விளையாட்டு சங்கங்களின் கூட்டமைப்பு. மண்ணில் ஓடும் பந்தயத்தில் ராலிக்கு ஒரு பட்டம், சூப்பர்கிராசுக்கு ஒரு பட்டம். சூப்பர்கிராசுக்கு மூத்த அண்ணன் மோட்டோகிராஸ்.

மூன்றும் ஒன்றல்ல!

மோட்டோகிராஸ் 1924-ல் இங்கிலாந்தில் பிறந்தது. மேடு, பள்ளம், சேறு என்று இயற்கை கொடுத்த நிலத்தில் அப்படியே ஓட்டுவது. உலகப் போட்டியில் ஒரே நாளில் இரண்டு ஓட்டம். ஒவ்வொன்றும் 30 நிமிடம், அதற்கு மேல் இரண்டு சுற்று. முதலில் வந்தவருக்கு 25 புள்ளி, இரண்டாவதுக்கு 22, மூன்றாவதுக்கு 20, நாலாவதுக்கு 18, ஐந்தாவதுக்கு 16.

ஒருவர் முதல் ஓட்டத்தில் ஜெயித்து, அடுத்ததில் கீழே விழுந்து எழுந்து ஐந்தாவதாக வருகிறார். கூட்டினால் 41. இன்னொருவர் இரண்டு தடவையும் இரண்டாவது. அவருக்கு 44! கோப்பை அவர் கைக்குப் போகிறது. ஒரே மூச்சில் பறந்து காட்டுகிற ஆளுக்கு இங்கே வேலை இல்லை.

ராலி வேறு மாதிரி. ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு அனுப்புவார்கள். எதிரி கண்ணுக்கே தெரியமாட்டான், கடிகாரம்தான் எதிரி. வேடிக்கை என்னவென்றால், ஒரு பந்தயத் தடத்திலிருந்து அடுத்த தடத்துக்குப் போகும் சாதாரண ரோட்டில் ராலி வீரர் போக்குவரத்து விதிப்படிதான் போகவேண்டும். மீறினால் தண்டனை! நம்ம பைபாஸில் ராத்திரி முறுக்குகிற தம்பிகள் இதைக் கவனிக்கவேண்டும். ரோட்டில் ரேஸ் விட்டால் 2019 சட்டத் திருத்தப்படி 3 மாதம் வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். மறுபடி சிக்கினால் ஒரு வருடம் வரை உள்ளே.

சூப்பர்கிராஸ்தான் கடைக்குட்டி. 1972-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டேடியத்துக்குள் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, ஒட்டகத் திமில் மாதிரி மேடு கட்டி ஓட்டினார்கள். அன்று பிடித்த மோகம் இன்னும் விடவில்லை. சின்னத் தடம்; முதலில் தகுதி ஓட்டம், பிறகு பைனல். டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவருக்கு முழுப் பந்தயமும் கண்ணெதிரே தெரியும். 2024 ஜனவரியில் புனேயில் தொடங்கிய சூப்பர்கிராஸ் லீக்கில் கிரிக்கெட் மாதிரி வீரர்களை ஏலம் எடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரை பக்கம் கண் வைக்காதே!

சரி, நம்ம ஊருக்கு எது பொருந்தும்? வண்டி பிடித்தவன் கண் முதலில் போவது காரை பக்கம்தான். பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டாரத்தில் மழை அறுத்த செம்மண் ஓடைகளும் மேடுகளுமாகக் கிடக்கிறதே, அந்த இடம். பார்த்தால் மோட்டோகிராசுக்கென்றே கடவுள் வெட்டிவைத்த தடம் போல இருக்கும்!

தொடவே கூடாது. சுமார் 10 கோடி வருடத்துக்கு முன்னால் அது கடல். நத்தைச் சுருள் போன்ற அம்மோனைட் முதலான கடல் பிராணிகள் கல்லாகி அந்த மண்ணில் கிடக்கின்றன. பக்கத்துச் சாத்தனூரில் கல்லாகிப் போன 18 மீட்டர் மரத்தைத் தேசியச் சின்னமாக்கிக் காவல் வைத்திருக்கிறார்கள். வாரணவாசி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிற அதே சரக்குதான் காரையில் காலுக்கடியில் கிடக்கிறது. பொத்தான் டயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உழுதால் தூள்!

“அப்போ அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கப் பள்ளம் சும்மாதானே கிடக்கு?” என்பார்கள். விளிம்பு சரியும், அடியில் தண்ணீர் நிற்கும். விழுந்தவனைத் தூக்க ஆம்புலன்ஸ் இறங்க வழி வேண்டாமா?

ஆகவே நமக்குத் தோதானது சூப்பர்கிராஸ்தான். அதற்கு மலையும் வேண்டாம், காடும் வேண்டாம். சமதளமான திடல் ஒன்று போதும்.

ஷோரனூர் ஹரித் நோவா 2024 டாக்கர் ராலியில் தன் பிரிவில் முதலிடம், மொத்தத்தில் 11-வது. பெங்களூர் சி.எஸ்.சந்தோஷ் 2015-ல் டாக்கரை முடித்த முதல் இந்தியர். இரண்டு பேருமே பாலைவனத்துக்குப் போகுமுன் உள்ளூர் சூப்பர்கிராஸ் மண்ணில் உருண்டு புரண்டவர்கள்தான்.

செலவு? வெளிநாட்டு வண்டிக்கு லட்சக்கணக்கில் ஆகும், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தேசியப் பந்தயத்தில் இந்திய வண்டிக்கும் தனிப் பிரிவு உண்டு. முறையான லைசென்ஸ், நல்ல ஹெல்மெட், மார்புக் கவசம், முழங்கால் வரை பூட்ஸ், மைதான ஓரத்தில் டாக்டர் — இவை இல்லாமல் கொடி அசைக்கக் கூடாது. மற்றபடி மண்ணைக் கொட்டுவது, மேடு கட்டுவது, முடிந்ததும் வாரிக்கொண்டு போவது. சிமெண்டு ஆலைக்கு ராப்பகலாய் லோடு அடிக்கிற நம்ம லாரிக்காரர்களுக்குத் தெரியாத வேலையா இது?