கைகாட்டியை இறக்கிய கைகள்

எழும்பூர் இரயில் நிலையம் 1908இல் திறக்கப்பட்டது. அதன் குவிமாடத்துக்குப் படம் உண்டு, வரலாறு உண்டு, வர்ணனை உண்டு. வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கேட்கிறோம், தோழர்களே! ஊர்தோறும் நடைமேடைக்கு அப்பால், கண்ணாடிச் சன்னல்களோடு மாடியறையாக நின்றதே கேபின், அதற்கு எங்கே படம்? அதற்குள் இரவெல்லாம் விழித்திருந்த தொழிலாளிக்கு எங்கே வரலாறு?

வரிசை வரிசையாக இரும்பு லீவர்கள். கைகாட்டிக்குச் சிவப்பு, பாதையைப் பிரிக்கும் பாயிண்டுக்குக் கறுப்பு, அதைப் பூட்டும் லீவருக்கு நீலம். காலை ஊன்றி, உடலைப் பின்னே சாய்த்து இழுத்தால்தான் தொலைவில் நிற்கும் கைகாட்டி அசையும். சித்திரை வெயிலில் கம்பி நீளும்; இழுத்தும் கை சரியாக இறங்காது; கம்பியை இறுக்கிவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். பாதை சரியாக அமையாவிட்டால் கைகாட்டி லீவர் நகரவே நகராது. கீழே உள்ள பூட்டு விடாது. இன்டர்லாக்கிங் என்பது அதுதான்.

அந்தப் பூட்டை எவரும் இனாமாகத் தந்துவிடவில்லை. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் அர்மா நகருக்கருகே, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உல்லாசப் பயணம் சென்ற வண்டி மேடு ஏறமாட்டாமல் நின்றது. கழற்றிவிட்ட பின்பெட்டிகள் பின்னோக்கி உருண்டு, அடுத்து வந்த வண்டியில் மோதின. மாண்டவர் சுமார் 80 பேர். அதற்குப் பிறகுதான், அதே ஆண்டில், இன்டர்லாக்கிங்கையும் பிரேக்கையும் கட்டாயமாக்க இலண்டன் பாராளுமன்றம் சட்டம் செய்தது. பிணம் விழுந்த பிறகு பேனா எடுப்பது ஆள்வோர் வழக்கம் போலும்!

இப்போது பொத்தானும் கணினித் திரையும் வந்துவிட்டன. 2023 மே 31 வரை 6,427 நிலையங்களில் மின்சார, மின்னணு இன்டர்லாக்கிங் அமைத்துவிட்டோம் என்றது இரயில்வே. வரட்டும். தோள் வலிக்க லீவர் இழுத்த தோழனுக்கு ஓய்வு கிடைத்தால் நமக்கென்ன வருத்தம்? பழங்கட்டிடத்தைக் கட்டிக்கொண்டு அழுபவர்களல்லர் நாம். ஆனால் எதை மாற்றினோம், எப்படி மாற்றினோம் என்று ஒழுங்காகக் குறித்து வைக்காமல் மாற்றலாமா?

அந்தக் கணக்கு முடிந்து இரண்டே நாள். ஜூன் 2, ஒடிசாவின் பாகாநாகா பஜார் நிலையம். சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், நேர்பாதைக்குப் பச்சை விளக்குப் பெற்றும் கிளைப்பாதையில் நுழைந்து, நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. 290க்கு மேற்பட்ட உயிர்கள் போயின! விசாரித்த பாதுகாப்பு ஆணையர் கண்டது என்ன? சிக்னல் மின்சுற்றில் முன்பு எப்போதோ செய்த மாற்றத்தில் தவறு. கம்பிகளுக்கு எழுதிய பெயர்க்குறிப்பில் தவறு. ஆண்டுக்கணக்கில் அது எவர் கண்ணிலும் படவில்லை. ஆவணம் எழுதுவது வேலையற்றவன் பொழுதுபோக்கு என்று எண்ணும் அதிகாரிகள் அந்த அறிக்கையை ஒருமுறை படிக்கட்டும்.

இங்கிலாந்தில் 2013இல் அரிய கேபின்கள் 26ஐத் தேர்ந்து, பாதுகாக்க வேண்டிய கட்டிடங்களாகப் பட்டியலில் ஏற்றினார்கள். இங்கே? கட்டிடத்துக்குக் கடப்பாரை, இரும்புக்கு ஏலம்!

எல்லாக் கேபினையும் காப்பாற்று என்று நாம் கேட்கவில்லை. இடிக்குமுன் படமெடு. எந்த லீவர் எதை இயக்கியது என்று காட்டும் பலகையைக் கழற்றி, சென்னை ஐ.சி.எப். இரயில் அருங்காட்சியகத்தில் மாட்டு. நிர்வாகம் செய்யாவிட்டால் தொழிற்சங்கத் தோழர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற கேபின்காரர் ஒருவராவது இருப்பார். வரும் ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள். நிலையத்தின் பெயர், லீவர்கள் எத்தனை, கேபினை மூடிய ஆண்டு, கடைசி முறைக்கு நின்றவர் யார், இவற்றை முதலில் கேட்டு எழுதுங்கள்.