எல்லா முள்மரமும் கருவேலம் இல்லை!

ஒரு சின்ன டெஸ்ட். அடுத்த தடவை அருப்புக்கோட்டையிலிருந்து எம்.ரெட்டியபட்டிக்கு பஸ்ல போகும்போது ஜன்னல் வழியா ஒரு மரத்தைக் காட்டி, "இது என்ன மரம்டா?"ன்னு பக்கத்து சீட் நண்பனைக் கேளுங்க. "கருவேலம்" என்பான். அடுத்த மரமும் கருவேலம். அதற்கடுத்ததும் அதேதான். பல வருஷம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

"மரம்னா மரம்தானே, பேரு எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கு. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேல மரங்களை அகற்ற உத்தரவிட்டது. 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் ஜேசிபிக்கு மரம் அடையாளம் தெரியாது. பக்கத்தில் நின்று கை காட்டும் நமக்கும் தெரியலைன்னா, சீமையோடு சேர்ந்து நாட்டு மரங்களும் போய்விடும். சீமைக்கருவேலம் வெட்டின தூரிலிருந்தே மறுபடி துளிர்க்கும். போன நாட்டு மரத்துக்குப் பதிலா இன்னொன்று வளர்ந்து வர பல வருஷம் ஆகும்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது செமஸ்டர் பரீட்சை அளவுக்குக் கஷ்டம் இல்லை. பூவையும் காயையும் பாருங்க, போதும்.

சீமைக்கருவேலம்: பூ வெளிர்மஞ்சளில் விரல் மாதிரி நீளமா தொங்கும். காய் பழுத்தால் மஞ்சள் நிறம்.

நாட்டுக்கருவேலம்: பூ பளிச்சென்ற மஞ்சள் உருண்டை. காய், மணி கோத்த மாலை மாதிரி இடுக்கி இடுக்கி இருக்கும். பட்டை கறுத்து வெடித்திருக்கும். பல் துலக்கக் குச்சி ஒடிப்பது இதில்தான்.

உடை: குடை விரித்த மாதிரி தலை. பூ வெள்ளை உருண்டை. காய் சுருண்டு கிடக்கும்.

வெள்வேலம்: பேரிலேயே இருக்கு, பட்டை வெளுத்திருக்கும்.

வன்னி: இதுதான் ரொம்ப ஏமாற்றும். பூ சீமையைப் போலவே நீளமா இருக்கும். ரெண்டும் நெருங்கின சொந்தம். ஆனால் வன்னியில் முள் சின்னது, கிளை முழுக்க அங்கங்கே சிதறி இருக்கும். சீமையில் இலைக்காம்பு கிளம்பும் கணுவில் இருக்கும். வன்னி விருத்தாசலம் கோயிலின் தலமரம். ராஜஸ்தானின் மாநில மரமும் இதுதான். 1730-ல் அங்கே கேஜர்லி கிராமத்தில் பிஷ்ணோய் மக்கள் இந்த மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று உயிரையே கொடுத்தார்கள். அந்த மரத்தை நாம "ஏதோ முள்ளு" என்று தாண்டிப் போகிறோம்.

சீமையை வில்லனாக்குவது என் நோக்கம் இல்லை. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் நம்ம பக்கம் நிறைய. எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்று தெரிந்து செய்யணும், அவ்வளவுதான்.

நகரங்களில் இதற்கென்றே ஆட்கள் இருக்காங்க. சென்னையில் 'நிழல்' அமைப்பு தெருத்தெருவாக மர நடை கூட்டிப்போய் அடையாளம் சொல்லித்தருகிறது. டெல்லி மரங்களுக்கென்று பிரதீப் கிருஷன் 2006-ல் ஒரு புத்தகமே போட்டார். நம்ம கரிசக்காட்டு மரங்களுக்கு? ஆடு மேய்க்கிற தாத்தாவின் ஞாபகம்தான் புத்தகம். எந்தக் காயை ஆடு தின்னும், எந்த முள் வேலிக்கு ஆகும் என்று அவருக்குத் தெரியும். கூகுள் லென்ஸ் லத்தீன் பேரைச் சொல்லும். நம்ம ஊர்ப் பேரைச் சொல்ல அவர்தான் வேணும். ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. போட்டோ எடுக்கும்போது இலை மட்டும் போதாது; பூ, காய், பட்டை எல்லாம் வேணும்.

அதனால் என் கோரிக்கை இது. இந்த வருஷ என்எஸ்எஸ் கேம்ப்பில் 100 கன்று நடுவதற்கு முன்னாடி, ஏற்கெனவே நிற்கிற 100 மரத்துக்குப் பேர் எழுதுவோம். ஹாஸ்டல் வாசலில் தொடங்கி கண்மாய்க்கரை வரைக்கும். மேப் போட்டு, தமிழ்ப் பேரோடு க்யூஆர் கோடு ஒட்டுவது நம்ம கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்களுக்கு ஒரு வார வேலை.

நாளைக்கு ஜேசிபி வந்து நிற்கும்போது, "அண்ணே, அது உடைமரம், அதை விட்ருங்க" என்று சொல்ல ஒருத்தராவது அங்கே இருக்கணும். அது நீங்களாக இருக்கலாமே?