'தெரியாது' என்று சொல்லப் பழகணும்!

ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது புதிதாக ஒரு பேச்சு அடிபடுகிறது. ''அம்மா, நான் ஃபாரன்சிக் படிக்கப்போறேன்!''

அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கும். ''ரத்தத்தையும் பொணத்தையும் பார்த்துக்கிட்டு எப்படிடி இருப்பே?'' அப்பாவின் கவலை வேறு. ''படிச்சா வேலை கிடைக்குமா?'' மகளின் மனதில் ஓடுவது வெப் சீரிஸ். நீல விளக்கு, வெள்ளை கோட்டு, பீப் என்று சத்தம் போடும் மெஷின், ''இவன்தான் கொலைகாரன்!'' என்று கைநீட்டும் நிபுணர்.

மூன்று பேருமே யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்தத் துறையின் கஷ்டமான பாடம் பிணவறையிலும் இல்லை, மைக்ராஸ்கோப்பிலும் இல்லை. பார்த்ததை ஓர் அறிக்கையாக எழுதி, சாட்சிக் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணைக்கு பதில் சொல்லி நிற்பதுதான் அது. அதற்குப் பழக்கப்படாத நிபுணரால் இரண்டு பக்கமும் ஆபத்து. குற்றவாளி தப்பலாம். சம்பந்தமே இல்லாதவர் உள்ளே போகலாம்.

இரண்டும் ஒன்றல்ல

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குற்றம் ஏன் நடக்கிறது, குற்றவாளியை எப்படித் திருத்துவது, பாதிக்கப்பட்டவருக்கு என்ன செய்வது என்று படிப்பது குற்றவியல். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனித் துறை இருக்கிறது. ரத்தம், ரேகை, விஷம், துப்பாக்கிக் குண்டு போன்றவற்றைச் சோதித்துச் சொல்வது தடய அறிவியல். நம் ஊருக்கு இது புதிதல்ல. சென்னை மாகாணத்தில் ரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் 1849-லேயே தொடங்கிவிட்டது.

குற்றவியல் படிக்கிற எல்லோரும் ஆய்வகத்துக்குப் போவதில்லை. காவல்துறை, சிறைத்துறை, நன்னடத்தை அலுவலர் என்று பல பக்கம் போகிறார்கள். ஆனாலும், ஒரு நிபுணர் அறிக்கை எப்படித் தயாராகிறது, அதில் எங்கே ஓட்டை விழும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது தேவை இன்னும் கூடியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றம் என்றால், தடய நிபுணர் சம்பவ இடத்துக்குப் போய்ச் சான்றுகளைச் சேகரிக்க வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து வருடம் வரை அவகாசம் உண்டு. ஆட்களை எடுத்துவிடலாம், கருவிகளையும் வாங்கிவிடலாம். கூண்டில் நிற்கும் பக்குவத்தைப் பயிற்சியால்தான் கொண்டுவர முடியும்.

சட்டையில் இருந்த கறை

ஒரு சின்ன உதாரணம். கொலை வழக்கில் கைதானவரின் சட்டை ஆய்வகத்துக்கு வருகிறது. அதில் கறை. சோதித்தால் மனித ரத்தம், 'ஓ' பிரிவு. இறந்தவருக்கும் 'ஓ' பிரிவுதான்.

புதிதாகப் படிக்கும் மாணவர் உற்சாகத்தில், 'சட்டையில் இருப்பது இறந்தவரின் ரத்தம்' என்று எழுதிவிடுவார். கதைக்குப் பொருந்துகிறதே! ஆனால், 'ஓ' பிரிவு ரத்தம் உங்கள் தெருவிலேயே எத்தனையோ பேருக்கு இருக்கும். சட்டைக்காரருக்கே இருக்கலாம். 'மனித ரத்தம், ஓ பிரிவு. இது யாருடையது என்பதை இந்தச் சோதனையால் சொல்ல இயலாது' என்பதுதான் நேர்மையான வரி.

பார்த்தது ஒன்று, அதிலிருந்து நாம் ஊகிப்பது வேறு. அறிக்கையில் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். பார்சல் எந்தத் தேதியில் வந்தது, முத்திரை சரியாக இருந்ததா, யார் பிரித்தது, என்ன சோதனை செய்தது, என்ன தெரிந்தது, அதிலிருந்து என்ன முடிவு, அந்த முடிவு எதுவரை செல்லும்... இத்தனையும் இருந்தால்தான் அது அறிக்கை.

நிபுணர் சொல்வது கருத்துதான், தீர்ப்பு அல்ல. 1872-ம் வருட சாட்சியச் சட்டத்தின் 45-வது பிரிவு, இன்றைய பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 39-வது பிரிவாக இருக்கிறது. நிபுணரின் கருத்தைப் பரிசீலிக்கலாம் என்றுதான் அது சொல்கிறது. முடிவு நீதிபதியின் கையில். நீதிபதி தானே ஆராய்ந்து முடிவெடுக்கத் தேவையான அறிவியல் அடிப்படைகளை அவர் முன் வைப்பதே நிபுணரின் வேலை என்று 2009-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. குறிப்பிட்ட சில அரசு விஞ்ஞானிகளின் அறிக்கையை, அவர்களை நேரில் அழைக்காமலேயே நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கலாம். தேவைப்பட்டால் மட்டும் அழைத்து விசாரிக்கும். அப்படி நேரில் அழைக்காத வழக்குகளில் எழுதியவருக்காகப் பேசப்போவது அந்தக் காகிதம் மட்டும்தான்.

ஆளவந்தார் சொல்லும் பாடம்

தாத்தா பாட்டிகளுக்கு ஆளவந்தார் கொலை வழக்கு நினைவிருக்கும். 1952-ல் தலையில்லாத உடல், போட் மெயில் ரயிலில் டிரங்குப் பெட்டிக்குள், மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. தலை கிடைத்தது சென்னை ராயபுரம் கடற்கரையில். அந்தத் தலையும் இந்த உடலும் ஒருவருடையதா? மருத்துவ நிபுணர்கள் பார்த்துச் சொன்னார்கள். அந்த ஒருவர் ஆளவந்தார்தானா? அவர் ராணுவத்தில் இருந்தபோது பதிவான கைரேகை அதற்கு உதவியது. இரண்டும் தனித்தனிக் கேள்விகள், தனித்தனிச் சோதனைகள். 'கொன்றது யார்' என்ற மூன்றாவது கேள்வி நிபுணருடையது அல்ல, நீதிமன்றத்துடையது. எந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் என்ற தெளிவுதான் மாணவருக்கு முதல் பாடம்.

ஆய்வகம் மட்டும் போதாது

டெல்லி சாவ்லா பகுதியைச் சேர்ந்த 19 வயதுப் பெண் 2012 பிப்ரவரியில் கடத்திக் கொல்லப்பட்டார். மூன்று பேருக்கு விசாரணை நீதிமன்றம் 2014-ல் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூவரையும் விடுதலை செய்துவிட்டது.

டிஎன்ஏ அறிக்கை அவர்களுக்கு எதிராகத்தான் இருந்தது. ஆனால், பிப்ரவரி 14, 16 தேதிகளில் கைப்பற்றிய மாதிரிகள் 27-ம் தேதிதான் ஆய்வகத்துக்குப் போயின. அதுவரை காவல் நிலையத்தில் இருந்தன. யாராவது கைவைத்திருக்கலாம் என்ற சந்தேகத்தை ஒதுக்க முடியவில்லை. அந்த முடிவுக்கு என்ன அடிப்படை, சோதனை முறை சரியாகக் கையாளப்பட்டதா என்பதைக் கீழ் நீதிமன்றங்கள் ஆராயவே இல்லை என்றது தீர்ப்பு. வழக்கில் வேறு குறைகளும் இருந்தன. 10 வருடம் நீதிமன்றம் ஏறி இறங்கிய பெற்றவர்களுக்குக் கடைசியில் கிடைத்த பதில் அதுதான்.

இதற்கு நேர்மாறாக, நிரபராதி மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. 2004 மார்ச்சில் ஸ்பெயினின் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்தது. கிடைத்த ஒரு கைரேகை, அமெரிக்காவின் ஓரிகான் மாநில வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் மூன்று பேர் சொன்னார்கள். நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் ஆமோதித்தார். மேஃபீல்ட் இரண்டு வாரம் காவலில் இருந்தார். பிறகு ஸ்பெயின் போலீஸ், அது அல்ஜீரியாவைச் சேர்ந்த ஒருவரின் ரேகை என்று கண்டுபிடித்தது. அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது.

நான்கு நிபுணர்கள் எப்படி ஒரே தவற்றைச் செய்தார்கள்? முதலில் ஒருவர் 'ஆமாம்' என்றுவிட்டால், அடுத்தவர் கண்ணும் 'ஆமாம்' என்பதையே தேடும். 2006-ல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. ஐந்து ரேகை நிபுணர்களிடம், முன்பு அவர்களே 'பொருந்துகிறது' என்று சொன்ன ரேகைகளைத் திரும்பக் கொடுத்தார்கள். ஆனால், 'இதுதான் அந்த மேஃபீல்ட் ரேகை' என்று சொல்லிக் கொடுத்தார்கள். நான்கு பேர் தங்கள் பழைய முடிவை மாற்றிக்கொண்டார்கள்!

வகுப்பறையில் ஒரு கூண்டு

சரி, இதற்கெல்லாம் எப்படிப் பழக்குவது? 'மாதிரி நீதிமன்றம்' என்ற பயிற்சிதான் நல்ல வழி. வகுப்பறையிலேயே ஒரு சம்பவ இடத்தை உருவாக்கி, தடயம் எடுக்கவைத்து, அறிக்கை எழுதவைக்க வேண்டும். பிறகு சட்டக் கல்லூரி மாணவர்களை வழக்கறிஞர்களாக வரச்சொல்லி, கூண்டில் ஏற்ற வேண்டும். கேள்விகள் இப்படி வரும்.

''பார்சலைப் பிரிச்சது நீங்களா, உங்க உதவியாளரா?''

''நான்தான். தேதியும் என் கையெழுத்தும் குறிப்பேட்டில் இருக்கு.''

''இந்தக் கறை எத்தனை நாள் பழசு?''

''இந்தச் சோதனையை வெச்சு அதைச் சொல்ல முடியாது.''

''அப்போ உங்களுக்குத் தெரியாது, அப்படித்தானே? ஆமாம், இல்லைன்னு மட்டும் சொல்லுங்க!''

இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். தெரியாது என்றால் மானம் போய்விடும் என்று நினைத்து, ''பத்து நாள் இருக்கலாம்'' என்று வாயை விடுவார்கள். அடுத்த அரை மணி நேரம் அந்தப் பத்து நாளை வைத்தே வழக்கறிஞர் வறுத்தெடுத்துவிடுவார். ''ஆமாம் ஐயா, தெரியாது. அதை அறிக்கையிலும் சொல்லியிருக்கேன்'' என்று நிதானமாக நீதிபதியைப் பார்த்துச் சொல்பவரை அசைக்க முடியாது.

இன்னும் மூன்று பயிற்சிகள் உதவும். ஒன்று, தடயத்தைக் கொடுக்கும்போது சந்தேக நபரின் கதையைச் சொல்லாமல் கொடுப்பது. இரண்டு, ஒரே அறிக்கைக்கு இன்று சாட்சியாகவும் நாளை எதிர்த்தரப்பு வழக்கறிஞராகவும் நிற்கவைப்பது. தன் அறிக்கையின் ஓட்டை அப்போது தனக்கே தெரியும். மூன்று, அறிக்கையை வீட்டில் பாட்டிக்குப் படித்துக் காட்டுவது. பாட்டிக்குப் புரிந்தால் நீதிமன்றத்தில் யாருக்கும் புரியும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

கல்லூரியில் சேர்க்கும் முன் இவற்றைக் கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா? ஆய்வகத்தில் மாணவர்கள் தாங்களே சோதனை செய்ய முடியுமா? மாதிரி நீதிமன்றம் நடத்துகிறார்களா? கூண்டில் ஏறி சாட்சி சொன்ன அனுபவமுள்ளவர்கள் பாடம் எடுக்கிறார்களா? அரசு வேலைதான் குறி என்றால், அந்தப் பதவிக்கு என்ன பட்டம் கேட்கிறார்கள் என்று பழைய அறிவிப்புகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேதியியல், இயற்பியல், உயிரியல் அடிப்படை பலமாக இருப்பது நல்லது.

மகள் ரத்தத்தைப் பார்த்து மயங்குவாளா என்ற கவலையை விடுங்கள். அது நாலு நாளில் பழகிவிடும். பரீட்சையில் விடை தெரியாவிட்டாலும் எதையாவது எழுதி நிரப்பு என்றுதானே நாம் சொல்லி வளர்க்கிறோம்? இந்தப் படிப்பில் சேர்ந்ததும் முதலில் மறக்க வேண்டிய பழக்கம் அதுதான். அவள் நிரப்பி எழுதும் ஒரு வரியில், முன்பின் தெரியாத ஒருவரின் வாழ்க்கை இருக்கும்.