நம்மவர் கடையில் கணக்குக் கேட்பது அவமரியாதையா?

 

நம் மஹல்லாக்களில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்கோ, மருத்துவச் செலவிற்கோ, மகளின் நிகாஹ் செலவிற்கோ நகையை விற்க நேர்ந்தால், அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு தெரிந்த பாய் கடைக்குப் போகிறோம். அவர் தராசில் வைக்கிறார். கால்குலேட்டரில் சில எண்களைத் தட்டுகிறார். ஒரு தொகையைச் சொல்கிறார். நாம் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். எடை எவ்வளவு, தரம் என்ன, எதற்காக எவ்வளவு கழிக்கப்பட்டது என்று ஒரு சொல் கேட்பதில்லை. யாரேனும் கேட்டுவிட்டால், “என்ன பாய், நம்மையே சந்தேகப்படுகிறீர்களா?” என்ற பதில் வருகிறது. கேட்டவர் கூசிப்போய் வாய் மூடிக்கொள்கிறார்.

இந்தக் கூச்சத்தைச் சிலர் நற்குணம் என்கின்றனர், சகோதரத்துவம் என்கின்றனர், தவக்குல் என்றுகூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்றும் தவறு. ஈமானின் ஒரு பகுதி என்று போற்றப்பட்ட வெட்கம், பாவம் செய்யக் கூசும் வெட்கமே அன்றி, தன் ஹக்கைக் கேட்கக் கூசும் வெட்கம் அன்று. விற்கும் பொருளின் மதிப்பை அறிந்துகொண்ட பின்னரே விற்க வேண்டும். வாங்குபவர் அதை மறைக்கக் கூடாது. இது சந்தேகக் குணம் அன்று. மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த வியாபார ஒழுக்கம்.

முதலில் ஒரு ஹதீஸைச் சிந்தியுங்கள். கைபர் போரின்போது ஃபளாலா இப்னு உபைத் (ரலி) அவர்கள் பன்னிரண்டு தீனார் கொடுத்து ஒரு கழுத்து மாலையை வாங்கினார்கள். அதில் பொன்னும் மணிகளும் கோக்கப்பட்டிருந்தன. பின்னர் அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோது, பன்னிரண்டு தீனாரைவிட அதிகமான பொன் அதில் இருந்தது தெரியவந்தது. செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சென்றபோது, பிரித்துப் பார்க்காமல் அத்தகைய மாலையை விற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. பொன்னுக்குப் பொன் மாற்றுவதில் எடை சமமாக இருக்க வேண்டும் என்ற சட்டமே இதன் அடிப்படை. எனினும் அதற்குள் இன்னொரு பாடமும் இருக்கிறது: மணியும் பொன்னும் கலந்திருக்கும் நிலையில், குத்துமதிப்பு எவ்வளவு தூரம் தவறக்கூடும் என்பதை அந்த மாலையே காட்டிவிட்டது.

நம் பெண்களின் கழுத்திலுள்ள கருகமணிச் சங்கிலியை எண்ணிப் பாருங்கள். அதே மாலைதான்; பொன்னும் மணியும் கலந்தது. அதைத்தான் நாம் பிரிக்காமல், எடுத்து வைக்காமல், “எவ்வளவு போட்டுத் தருகிறீர்கள்?” என்று கேட்டு விற்றுக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது, கிராமத்து விளைபொருளை ஒட்டகங்களில் ஏற்றிவரும் கூட்டத்தைச் சந்தைக்கு வெளியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு வாங்கப்பட்டால், பொருளுக்கு உரியவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்த பின்பு, அந்த விற்பனையை உறுதிசெய்யவோ முறிக்கவோ உரிமை உண்டு என்றும் அறிவித்தார்கள். காரணம் வெளிப்படையானது. சந்தை விலை தெரியாதவரின் அறியாமை, தெரிந்தவரின் இலாபமாக மாறக் கூடாது. ஊர்ச் சந்தைக்கு வெளியே நின்று ஒட்டகக்காரரை மறித்தவருக்கும், அன்றைய கிராம் விலை என்னவென்றே அறியாத கைம்பெண்ணின் வளையலைக் கல்லாவில் அமர்ந்தபடி வாங்குபவருக்கும் இடையே என்ன வேறுபாடு என்று எவரேனும் எனக்கு விளக்கட்டும்.

“வாங்குபவர் ஏன் மதிப்பைச் சொல்ல வேண்டும்? கேட்டுக்கொள்வது விற்பவரின் பொறுப்பல்லவா?” என்று சில வியாபாரச் சகோதரர்கள் வாதிடுகின்றனர். அவர்களுக்கு ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் வாழ்வு விடையளிக்கிறது. தொழுகை, ஜகாத் ஆகியவற்றோடு, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்றும் நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்தவர் அவர். அவருக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்திற்குப் பேசி முடிக்கப்பட்டது. குதிரையைக் கண்ட ஜரீர் (ரலி) அவர்கள், அதன் மதிப்பு அதைவிட அதிகம் என்று உரியவரிடம் தாமே கூறி, படிப்படியாக உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் இதனை எடுத்துரைக்கிறார்கள். நாம் எல்லோரும் ஜரீர் ஆகிவிட முடியாது, உண்மைதான். ஆனால் தராசின் எண்ணை விற்பவரின் பக்கம் திருப்பி வைப்பதற்கு ஸஹாபியின் தரம் தேவையில்லை.

இலாபம் எடுப்பது ஹராம் என்று நான் சொல்லவில்லை. “இன்றைய விலையிலிருந்து கிராமுக்கு இவ்வளவு குறைத்துத்தான் எடுப்பேன்” என்று முன்கூட்டியே சொல்லி வாங்குவது நேர்மையான வியாபாரம். பேசுபவர் பேசுவார்; பிடிக்காதவர் அடுத்த கடைக்குப் போவார். ஆனால் அதே குறைப்பைச் ‘சேதாரம்’ என்ற பெயரில் ஒளித்து எடுப்பது வேறு. சேதாரம் என்பது புது நகை செய்யும்போது ஏற்படும் இழப்பிற்காக வாங்குபவரிடம் பெறப்படுவது. பழைய நகையை உருக்கும்போது உண்மையில் குறையும் அளவு எதுவோ அது மட்டுமே நியாயமான கழிவு. வாங்கும்போதும் சேதாரம், விற்கும்போதும் சேதாரம் என்றால், ஒரே நகைக்கு இரு முறை வரி வசூலிப்பதாகாதா? விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்துப் பொய் பேசினால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்ற நபிமொழியைக் கடைச் சுவரில் மாட்டி வைத்தால் போதுமா?

கணக்கு ஒன்றும் கடினமானதன்று. நான்கு செய்திகளை அறிந்தால் போதும்: நிகர எடை, தரம், அன்றைய விலை, கழிவு.

எடை: மில்லிகிராம் வரை காட்டும் தராசில் ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பவுன் என்பது 8 கிராம். கல், கருகமணி, நூல், உள்ளீடற்ற பழைய நகைகளில் அடைத்திருக்கும் அரக்கு ஆகியவை பொன் அல்ல. அவற்றைக் கழித்த பின் நிற்பதே நிகர எடை. கழற்றக்கூடியதைக் கழற்றியே நிறுக்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பை ஏற்காதீர்கள்.

தரம்: 24 பங்கில் 22 பங்கு பொன் இருப்பது 22 கேரட், நகையில் 916 என்று பொறித்திருப்பது ஆயிரத்தில் 916 பங்கு பொன் என்பதையே குறிக்கும். 18 கேரட்டுக்கு 750. நம் நாட்டில் 2021 ஜூன் முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் நகைகளை ஆறு இலக்க ஹெச்.யூ.ஐ.டி. எண் இல்லாமல் கடைகள் விற்கக் கூடாது. அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டு, தரத்தை நீங்களே சரிபார்க்கலாம். உம்மாவின் காலத்துப் பழைய நகையில் முத்திரை இராது. அதனை அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் சிறு கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். முத்திரை இல்லாததாலேயே தரம் குறைந்தது என்று ஆகிவிடாது. பழையது என்பதாலேயே சுத்தமானது என்றும் ஆகிவிடாது.

விலை: அன்றைய 22 கேரட் கிராம் விலையை வீட்டிலிருந்தே அறிந்து செல்லுங்கள்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. கணக்கின் எளிமைக்காகக் கிராம் விலை ₹10,000 என்று வைத்துக்கொள்வோம். கருகமணிச் சங்கிலியின் மொத்த எடை 24 கிராம். மணிகள் 3 கிராம். நிகர எடை 21 கிராம். 22 கேரட் என்றால் மதிப்பு ₹2,10,000. பரிசோதனையில் 20 கேரட் என்று வந்தால், 21ஐ 20ஆல் பெருக்கி 22ஆல் வகுக்க 19.09 கிராம், மதிப்பு சுமார் ₹1,90,900. இப்போது குத்துமதிப்புக் கணக்கைப் பாருங்கள்: “மணிக்கு 4 கிராம் போகும், சேதாரம் பத்து சதவீதம்.” மீதம் 18 கிராம், கையில் வருவது ₹1,80,000. நகை 22 கேரட்டாக இருந்தால் ₹30,000 இழப்பு. 20 கேரட்டாகவே இருந்தாலும் பத்தாயிரத்திற்கு மேல் இழப்பு. இந்தப் பணம் யாருடையது? மறுமையில் அதைப் பற்றி யார் கேட்கப்படுவார்?

வெள்ளியின் நிலை இன்னும் கவலைக்குரியது. பொன் இல்லாத வீட்டிலும் ஒரு ஜோடி கொலுசு இருக்கும். கொலுசுகளின் தரம் ஒரே அளவினதாக இருப்பதில்லை. 250 கிராம் கொலுசில் வெள்ளி 70 சதவீதம் என்றால், சுத்த வெள்ளி 175 கிராம். வாங்கும்போது முழு எடைக்கும் வெள்ளி விலை கொடுத்தவர், விற்கும்போதுதான் தரம் என்ற சொல்லையே முதன்முறையாகக் கேட்கிறார். ஆதலால் வாங்கும் நாளிலேயே தரத்தை இரசீதில் எழுதி வாங்க வேண்டும். ஏழையின் கால் கொலுசில் கை வைப்பவர், அளவையில் மோசடி செய்வோரின் பெயராலேயே குர்ஆனில் ஓர் அத்தியாயம் இறங்கியிருப்பதை நினைவில் கொள்ளட்டும். ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களை எச்சரித்ததும் இதே தராசைப் பற்றித்தான்.

பழைய நகையைக் கொடுத்துப் புதிய நகை எடுக்கும் வழக்கத்தில் இரட்டைத் தீங்கு இருக்கிறது. பழையதற்கு என்ன விலை, புதியதற்கு என்ன விலை என்பது ஒரே இரசீதில் கரைந்துபோகிறது. விற்பவருக்கு எதுவும் தெரிவதில்லை. அதைவிட, பொன்னுக்குப் பொன்னைக் கூடுதல் குறைவாக மாற்றுவது ரிபா என்பது மார்க்கச் சட்டம். நகையின் வேலைப்பாட்டிற்கு மதிப்புக் கொடுக்கலாம் என்று இப்னு தைமிய்யா, இப்னுல் கய்யிம் (ரஹ்) ஆகியோர் கருதினர். பெரும்பான்மை இமாம்கள் அதனை ஏற்கவில்லை. கருத்து வேறுபாட்டிற்கே இடமில்லாத வழி ஒன்று இருக்கிறது. தாழ்ந்த ரகப் பேரீச்சம்பழம் இரண்டு ஸாவு கொடுத்து, உயர்ந்த ரகம் ஒரு ஸாவு வாங்கிவந்த பிலால் (ரலி) அவர்களிடம், அது வட்டியேதான் என்று எச்சரித்த நபி (ஸல்) அவர்கள், முதலில் உள்ளதை விற்று, பின்னர் வேண்டியதை வாங்கும்படி வழிகாட்டினார்கள். பழைய நகையை விற்று, பணம் கைக்கோ வங்கிக் கணக்கிற்கோ வந்து சேர்ந்த பின், தனி வியாபாரமாகப் புதியதை வாங்குங்கள். வட்டியிலிருந்தும் தப்பலாம், விலையும் வெட்ட வெளிச்சமாகும்.

கணவன்மார்களுக்கும் ஒரு சொல். மஹராகவும், தாய்வீட்டுச் சீராகவும், வாரிசுரிமையாகவும் வந்த நகை உங்கள் மனைவியின் சொத்து. அவள் மனமுவந்து தந்தால் அன்றி அதில் உங்களுக்கு உரிமை இல்லை. வியாபாரத்திற்காக அவளிடம் பெற்று விற்கிறீர்கள் என்றால், எத்தனை கிராம், என்ன தரம், எவ்வளவு தொகை என்பதை அவளுக்குத் தெரியப்படுத்தி எழுதிக் கொடுங்கள். திருப்பித் தரவேண்டியது பொன்னா, பணமா என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். அவள் பொன்னைக் கடனாகத் தந்தால் பொன்னே கடன். விற்ற பணத்தைத் தந்தால் பணமே கடன். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது என்பதை மேடைகளில் கேட்டு மகிழ்கிறோம். வீட்டிற்குள் மட்டும் அதற்கு விதிவிலக்கு என்று யார் சொன்னது?

ஹனஃபி மத்ஹபினர், அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு என்பதால் ஆண்டுதோறும் நகையை நிறுக்கக் கடமைப்பட்டவர்கள். ஷாஃபி மத்ஹபில் ஆகுமான அளவில் அணியும் நகைக்கு ஜகாத் இல்லை. ஆயினும் எடையை எழுதி வைப்பதை எந்த மத்ஹபும் தடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் நகைக்கென ஒரு குறிப்பேடு இருக்கட்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. பைத்துல்மால் அலுவலகத்தில் ஒரு மில்லிகிராம் தராசையும், கணக்குப் போட்டுத் தரக்கூடிய நம்பகமான ஓர் ஆணையும் பெண்ணையும் அமர்த்துங்கள். விற்கப் போகும் சகோதரி முதலில் அங்கே வந்து, தன் பொருளின் மதிப்பைத் தெரிந்துகொண்டு கடைக்குச் செல்லட்டும். நேர்மையான வியாபாரிக்கு இதனால் ஒரு இழப்பும் இல்லை. அவர் மீதுள்ள நம்பிக்கை உறுதிப்படவே செய்யும். இதைக் கண்டு கோபப்படுபவர் யாரோ, அவரிடம்தான் நாம் இவ்வளவு காலமும் கணக்குக் கேட்காமல் இருந்திருக்கிறோம்.

பிறர் பொருளைக் குறைத்து மதிப்பிடும் பாவத்திலிருந்தும், நம் அமானிதங்களைப் பொடுபோக்காகக் கைவிடும் அலட்சியத்திலிருந்தும் வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.