லயமும் கட்டடக்கலைதான்

ஜெர்மனிக்குப் போய்வரும் நம்மவர்களின் பயணக் கட்டுரையில் கொலோன் தேவாலயம் தவறாமல் வந்துவிடும். 1248இல் தொடங்கி 1880இல் முடித்தார்கள், கோபுரம் 157 மீட்டர், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அப்புறம் கோதிக், பரோக், பௌஹவுஸ் என்று பாணிகளின் பட்டியல். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜொகூர்க்காரனான எனக்கு அந்த நாட்டில் பார்க்க வேண்டிய இடம் வேறு.

ஓபர்ஹவுசன் நகரத்தில் ஐசன்ஹைம் என்றொரு குடியிருப்பு. 1846இல் இரும்பாலைத் தொழிலாளிகளுக்காகக் கட்டத் தொடங்கியது. ரூர் வட்டாரத்திலேயே பழையது. செங்கல் வீடுகள், பின்னால் காய்கறித் தோட்டம், பொதுவில் துணி துவைக்கும் கூடம். பாணிப் பட்டியல் எதிலும் வராது. 1970களில் அதை இடித்து அடுக்குமாடி எழுப்பப் பார்த்தபோது, குடியிருந்தவர்களே திரண்டு தடுத்தார்கள். இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். துவைக்கும் கூடம் அருங்காட்சியகம் ஆகிவிட்டது.

இதை நம்மாட்களிடம் சொன்னால், "லயத்தைப் போய் யாராச்சும் காப்பாத்துவாங்களா? அது வீடா, மாட்டுக்கொட்டாய்ங்க!" என்று சிரிக்கிறார்கள். மாட்டுக்கொட்டாய்தான், ஒத்துக்கொள்கிறேன். மனுசனுக்கு மாட்டுக்கொட்டாய் போதும்னு முடிவு பண்ணினது யார்? நீளமாக ஒரே கூரை. பக்கத்து வீட்டு இருமல் கேட்கிற பலகைச் சுவர். வாசலில் அஞ்சடி, எல்லாருக்கும் ஒரே குழாய். விடியுமுன் பெரட்டுக்கு எந்தக் கதவு திறக்கவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மேட்டில் துரை பங்களா. ஓர் ஆட்சிமுறையையே பலகையிலும் தகரத்திலும் கட்டி வைத்திருக்கிறார்கள். கொலோன் கோபுரம் கடவுளைப் பற்றிச் சொல்வதைவிட லயம் முதலாளியைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறது.

"அவமானச் சின்னம், ஒழியட்டும்" என்கிறார்கள். அவமானம் யாருக்கு? கட்டினவனுக்கா, இருந்தவனுக்கா? இடித்துவிட்டால் கட்டினவன் சுலபமாகத் தப்பிவிடுகிறான்.

ஜொகூர் பாருவில் 1900இல் முடிந்த அபு பக்கார் பள்ளிவாசலைப் பேணுகிறார்கள், பேண வேண்டியதுதான். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் இருக்கிறது. மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். இன்று வரிசையாகக் காபிக் கடைகள்; பேர் மட்டும் மிஞ்சியிருக்கு.

ஐசன்ஹைம்காரர்களால் நின்று போராட முடிந்தது. நம் ஜனங்களுக்கு வேலையும் வீடும் ஒரே முடிச்சு. நிலம் கைமாறினால் நோட்டீஸ் வரும், இரண்டும் போகும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பட்டணத்துச் சங்கங்களைத்தான் சொல்கிறேன். தோட்டம் விற்கப்பட்டால் கோயிலுக்கு மாற்று நிலம் கேட்டு நிற்கிறார்கள், சரி. நிலம் கிடைத்ததும் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதி வருகிறார், ராஜகோபுரம் எழும்புகிறது. அந்தச் சாமியைக் கும்பிட்ட ஜனம் இருந்த வீட்டுக்கு ஒரு வரைபடம்கூடக் கிடையாது.

குளுவாங், சிகாமாட் பக்கம் செம்பனைக்குள் நிற்கிற லயங்களை முழுசாகக் காப்பாற்றுங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. அளந்து வரையுங்கள். அறை எத்தனை அடி, குழாய் எவ்வளவு தூரம், கக்கூஸ் எங்கே இருந்தது. அளவுநாடா, நோட்டு, இரண்டு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராஜகோபுரத்தின் ஒரு கலசத்துக்கு ஆகிற செலவுகூட ஆகாது.