ஆராய்ந்து வாங்குக

‘வீட்டைக் கட்டிப் பார்; கல்யாணம் பண்ணிப் பார்’ என்பது நம் பழமொழி. பெருநகரங்களில் இன்று வீடு கட்டுவோரைவிட அடுக்குமாடிகளில் வாங்குவோரே மிகுதி. தில்லியை அடுத்த நொய்டாவில் மெட்ரோ இரயில் வந்தது, விரைவுச்சாலை வந்தது, வீட்டு விலையும் ஏறியது. ‘இன்று வாங்காவிடில் என்றும் வாங்க இயலாது’ என்னும் அச்சம் பலரை ஆராயாமல் பணம் கட்டச் செய்கிறது. இவ்விரைவு தவறு என்பதே என் கருத்து.

அந்நகரில் விதிமீறிக் கட்டப்பட்ட இரட்டைக் கோபுரங்கள், உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 2022 ஆகஸ்டு 28 அன்று தகர்க்கப்பட்டன. முதல் வரைபடத்தில் தோட்டமாகக் காட்டிய இடத்தில் அவை எழுந்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தோர், அதே வளாகத்தில் வீடு வாங்கிக் குடியிருந்தவர்களே. வரைபடத்தைப் படித்தவர்கள் வென்றனர்.

எழுத்து வடிவ ஒப்பந்தமின்றி விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறுவதை 2016ஆம் ஆண்டின் வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் தடுக்கிறது. கட்டடத் திட்டத்தின் பதிவு எண்ணையும் அரசு இணையத்தளத்தில் எவரும் சரிபார்க்கலாம்.

பொறுத்தால் விலை ஏறும் என்பர், ஏறலாம். ஆயினும், வாழ்நாள் சேமிப்பை இழந்தால் மீட்பது அரிது. மாணவர்களே, இந்தியிலும் ஆங்கிலத்திலும் உள்ள ஆவணங்களைப் பெற்றோருடன் அமர்ந்து படித்துப் பொருள் கூறுங்கள்.